கடைசி டீமிலிருந்து பாருங்கள்!

"உங்க கிளப் இந்த சீசன் எப்படி?" என்று செங்கல்பட்டில் யார் கேட்டாலும், முதல் டீம் எந்த இடத்தில் முடித்தது என்ற பதிலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நான் அங்கிருந்து ஆரம்பிப்பதே இல்லை. மூன்றாவது டீமிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். கேட்டவர் முகத்தில் லேசாக ஒரு குழப்பம் தெரியும். தெரியட்டும். ஒரு கிரிக்கெட் கிளப்பை முழுசாக ரசிக்க வேண்டுமென்றால் அதன் கடைசி டீமில் தொடங்கி ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் போக வேண்டும் என்பது என் கட்சி. இந்த சீசன் அந்தக் கட்சியை அடித்துப் பேச எனக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறது தெரியுமா!

நான் ஆடுகிறவன் இல்லை, கிளப்பின் ஸ்கோரர். மூன்று டீம், பதினாறு வயதுக்குட்பட்ட பசங்க டீம், இந்த வருஷம் புதிதாக முளைத்த பெண்கள் டீம் என்று எது ஆடினாலும் மரத்தடி மேசையும் ஸ்கோர் புக்கும் எனக்குத்தான். இதைவிட நல்ல சீட் எந்த ஸ்டேடியத்திலும் இல்லை என்று சத்தியம் செய்வேன். சேப்பாக்கத்தில் எவ்வளவு காசு கொடுத்து உட்கார்ந்தாலும், பவுலர் கிரீஸைத் தாண்டும்போது பல்லைக் கடிக்கும் சத்தம் காதில் விழாது. ஃபீல்டர்கள் பேசிக்கொள்வது விழாது. எங்கள் கிரவுண்டில் எல்லாம் விழும். நடுவில் பீச் லோக்கல் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு செங்கல்பட்டு ஜங்ஷனுக்குள் நுழையும். அந்தச் சத்தத்தில் எட்ஜ் பட்டதா படவில்லையா என்று ஒரு தகராறு கிளம்பும். அதுவும் மேட்ச்சில் சேர்த்திதான்.

எங்கள் பக்கத்தில் சீசன் மழைக்குக் கட்டுப்பட்டது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கினால் டிசம்பர் வரைக்கும் கிரவுண்ட் கிரவுண்டாக இருக்காது. கொளவாய் ஏரி தளும்பி நிற்கும், பாலாற்றில் தண்ணீர் ஓடும், ஊரைச் சுற்றியுள்ள பள்ளத்திலெல்லாம் தவளை கத்தும். பொங்கல் கழிந்து தரை இறுகியதும்தான் எங்களுக்கு உயிர் வரும். சென்னை கிரிக்கெட்டுக்கும் பொங்கலுக்கும் பழைய சொந்தம் உண்டு. வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே கதவு திறந்திருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புக்குப் பதிலாக, நம்மவர்களும் ஆட வேண்டும் என்று 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியவர் புச்சிபாபு நாயுடு. ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் மோத வேண்டும் என்பது அவருடைய கனவு. 1908-ல் அவர் காலமான பிறகு பிரசிடென்ஸி மேட்ச் என்ற பெயரில் அந்த மோதல் பல வருஷங்கள் பொங்கலை ஒட்டியே சேப்பாக்கத்தில் நடந்தது. கரும்பும் கிரிக்கெட்டும் சேர்ந்து வந்த காலம்! தை பிறந்ததும் மட்டைக்கு எண்ணெய் தேய்க்கும் எங்கள் பசங்களைப் பார்க்கும்போது அந்த வழக்கம் வண்டி ஏறிச் செங்கல்பட்டுக்கே வந்துவிட்டதாகத் தோன்றும்.

மேட் விரிப்பதைச் சொல்லாமல் மூன்றாவது டீமைப் பற்றிப் பேசவே முடியாது. எங்களுக்குப் புல் பிட்ச் கிடையாது. கெட்டி மண்ணின் மேல் கயிற்றுப் பாயை விரித்துத்தான் ஆட்டம். காலை ஆறரைக்கு ஷெட்டைத் திறந்து, சுருட்டி வைத்த பாயை நாலு பேர் தோளில் தூக்கி வருவார்கள். அதற்குள் இரண்டு பேர் தரையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து முடித்திருப்பார்கள். பாயை உருட்டிவிட்டு ஒரு முனையில் ஆணி அடித்ததும் மறுமுனையில் ஐந்தாறு பேர் பிடித்து இழுப்பார்கள். "இழு... இழு... இன்னும் ஒரு பிடி!" ஓரத்து வளையத்தில் ஸ்டம்பைக் கொடுத்து நெம்பி, அரையடி ஆணியைச் சுத்தியலால் இறக்குவார்கள். பிறகு சுண்ணாம்புத் தூளில் கிரீஸ் கோடு. இத்தனைக்கும் மத்தியில் ஒரு மௌனப் போர் நடக்கும். பேட்ஸ்மேன்களுக்குப் பாய் விறைப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் பந்து நேராக, நம்பிக்கையாக எழும்பி வரும். ஸ்பின்னர்களுக்கு அது ஒரு விரற்கடை தளர்ந்தால் போதும், பந்து பாயைக் கவ்விக்கொண்டு திரும்பும். எங்கள் மூன்றாவது டீமின் ஆஃப் ஸ்பின்னர் சார் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பாய் மேல் நடந்து, குட் லெங்க்த் வரும் இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். எதுவும் சொல்ல மாட்டார். சிரித்துவிட்டால் அன்றைக்கு எதிர் டீமுக்குக் கஷ்டகாலம்.

சார் ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். அவருக்கு விக்கெட் கீப்பர் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன். நடுவில் ஒரு வக்கீல், கூரியர் டெலிவரி செய்யும் தம்பி, இரண்டு பாலிடெக்னிக் மாணவர்கள், டியூஷன் எடுக்கும் கணக்கு வாத்தியார். மூன்றாவது டீம் என்றால் இதுதான். ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருப்பவர்கள், இன்னொரு பக்கம் ஆட்டத்தை விட மனசில்லாதவர்கள். இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து ஒரே பதினொரு பேராக நிற்கும் அழகு முதல் டீமில் கிடைக்கவே கிடைக்காது.

பிப்ரவரியில் ஒரு மேட்ச். எதிர் டீமின் ஓப்பனர் நல்ல உயரம், கை நீளம். சாரின் முதல் இரண்டு பந்தையும் தூக்கி அடித்தார். ஒன்று வேலியைத் தாண்டி முள்ளுக்குள் போய் விழுந்தது. பந்து தேடும் நேரத்தில் சார் கீப்பர் பையனிடம் போய் நின்றார். மேசை வரைக்கும் கேட்டது. "அடிக்கட்டும்டா. நீ பந்தைப் பார்க்காதே, அவர் பின்னங்காலைப் பார்." அடுத்த பந்து இன்னும் மெதுவாக, இன்னும் உயரமாக, ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு சாண் வெளியே. ஓப்பனர் இறங்கி வந்தார். பாயில் பட்ட பந்து கவ்வி, மட்டைக்கும் காலுக்கும் நடுவிலிருந்த அந்தச் சின்ன சந்துக்குள் புகுந்தது. பையன் அதை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து பெயில்ஸைத் தட்டியதும் ஸ்கொயர் லெக் அம்பயர் விரலைத் தூக்கியதும் நான் பேனா மூடியைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டன. நாற்பத்தைந்து வயசு வித்தியாசத்தில் இரண்டு பேர் கூட்டாகத் திட்டம் போட்டு எடுத்த விக்கெட்! புக்கில் இரண்டு பேருக்கும் சேர்ந்துதான் வரும்: ஸ்டம்ப்டு இன்னார், பவுல்டு இன்னார். ஒரே கட்டத்துக்குள் தாத்தா வயசும் பேரன் வயசும்.

அதே டீம் ஒரு மேட்ச்சில் எட்டு விக்கெட் போன பிறகும் ஐம்பதுக்கு மேல் ரன் வேண்டியிருந்தது. வக்கீலும் கூரியர் தம்பியும் நின்றார்கள். ஒவ்வொரு ஓவருக்கும் வக்கீல் நடுவில் வந்து, "தம்பி, கட்டையைப் போடு. ரன் தானா வரும்" என்பார். வந்தது, சிங்கிள் சிங்கிளாக. லெக் பை, ஓவர் த்ரோ, மிட் ஆன் கை நழுவிய இரண்டு. கடைசியில் ஜெயித்ததும் ஒரு லெக் பையில்தான். ஸ்கோரருக்குக் கை தட்டும் உரிமை கிடையாது. பக்கத்தில் எதிர் டீம் ஸ்கோரர் உட்கார்ந்திருப்பார், இரண்டு பேரும் ஒவ்வொரு ஓவருக்கும் கணக்கை ஒத்துப் பார்க்க வேண்டும், அம்பயர் காலைத் தட்டி சிக்னல் காட்டினால் கையைத் தூக்கிப் பதில் கொடுக்க வேண்டும். அந்த லெக் பைக்கு நான் தூக்கிய கை எவ்வளவு நேரம் இறங்காமல் நின்றது என்று அந்த அம்பயரைத்தான் கேட்க வேண்டும்.

இந்த மண்ணில் கிரிக்கெட் பேசும்போது ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பசங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியவில்லையே என்ற ஆதங்கத்தில் நெட்ஸில் நானே அடிக்கடி கதையாகச் சொல்கிறேன். எம்.ஜே.கோபாலன். அந்த 'எம்' மொறப்பாக்கம். நம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர், சென்னையிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 1909-ல் பிறந்தவர், சின்ன வயசிலேயே குடும்பம் திருவல்லிக்கேணிக்குப் போய்விட்டது. அங்கே தெருவிலும் கிளப்பிலும் வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்தவரைக் கண்டெடுத்தவர் சி.பி.ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். பர்மா ஷெல் கம்பெனியில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். வேலை பார்த்துக்கொண்டே ஆடிய மனிதர், அப்படியே எங்கள் பசங்க மாதிரி!

1934 நவம்பர் 4. சேப்பாக்கத்தில் மெட்ராஸ், மைசூர் அணிகள் இறங்குகின்றன. ரஞ்சி டிராபியின் முதல் மேட்ச் அது. முதல் பந்தைப் போட்டவர் கோபாலன். இன்றைக்கு வரைக்கும் ஆயிரக்கணக்கான ரஞ்சி மேட்ச்கள் நடந்துவிட்டன, அத்தனைக்கும் முதல் பந்து நம் மொறப்பாக்கத்துக்காரர் கையிலிருந்து புறப்பட்டது! மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது, மெட்ராஸ் எடுத்தது 130, ஒரே நாளில் கதை முடிந்தது. இடக்கை ஸ்பின்னர் ஏ.ஜி.ராம் சிங் பதினொரு விக்கெட் எடுத்தார். கோபாலன் அதே வருஷம் ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடியிருந்தார். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடினார். 1935-ல் தியான்சந்தோடு நியூஸிலாந்து, ஆஸ்திரேலியா சுற்றுப்பயணம். 1936-ல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக்ஸ், இன்னொரு பக்கம் இங்கிலாந்து கிரிக்கெட் டூர். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி டீம் தங்கத்தோடு திரும்பியது, இங்கிலாந்தில் அவருக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. இந்தக் கதையைச் சொன்னால் பசங்க, "ஐயோ, தப்புப் பண்ணிட்டாரே ணா" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. மெடல் நிச்சயம் என்று தெரிந்த இடத்தை விட்டுவிட்டு மனசுக்குப் பிடித்த ஆட்டத்தின் பின்னால் போன மனுஷன், கிளப் கிரிக்கெட்டருக்கு இவரைவிட நல்ல முன்னோர் யார்? பின்னாளில் மெட்ராஸும் சிலோனும் ஆடிய மேட்ச்சுக்கே கோபாலன் டிராபி என்று பெயர் வைத்தார்கள். 2003 வரை வாழ்ந்தார்.

சரி, இரண்டாவது டீம். இதுதான் இந்த சீசனின் தங்கச் சுரங்கம்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் ரோடு உங்களுக்குத் தெரியும். வேதகிரீஸ்வரர் மலையைத் தாண்டினால் காற்றில் உப்பு வாசம் ஏற ஆரம்பிக்கும். அந்தக் கடற்கரை முழுக்க டென்னிஸ் பால் ராஜ்ஜியம். பட்டிபுலம், தேவனேரி, வெண்புருஷம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று எந்தக் குப்பத்துக்குப் போனாலும் மணலும் சவுக்குத் தோப்பும் சேரும் இடத்தில் மூன்று ஸ்டம்ப் நட்டிருக்கும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் படகு ஏறுகிற இளவட்டங்கள் ஊர் திரும்பும். பள்ளிக்கூடமும் லீவு. கேட்கவா வேண்டும்! தினம் ஒரு டோர்னமெண்ட், என்ட்ரி ஃபீஸ், ஆளுயரக் கப், மைக் செட்டில் கமென்ட்ரி.

இரண்டு வருஷம் முன்பு எங்கள் கேப்டன்கள் அந்த டோர்னமெண்ட்களைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதன் பலன் இப்போது வந்திருக்கிறது. வெண்புருஷத்திலிருந்து ஓர் இடக்கை வேகப்பந்து வீச்சாளர், வயசு பத்தொன்பது, விடியற்காலையில் அப்பாவோடு ஃபைபர் போட்டில் கடலுக்குப் போய்விட்டு மேட்ச்சுக்கு வருவான். மாமல்லபுரம் சிற்பப் பட்டறையில் வேலை பழகும் ஓர் ஓப்பனர். இந்த ஓப்பனர் முதல் நாள் வந்தபோது புருவத்தில் கல் தூசு அப்படியே வெள்ளையாக ஒட்டியிருந்தது. பேட் கட்டிக்கொண்டு உள்ளே போனவன், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன ஒவ்வொரு பந்தையும் மட்டையைத் தூக்கி விட்டுக்கொண்டே இருந்தான். டென்னிஸ் பாலில் வளர்ந்தவன் பந்தை விடுவதா! நான் புக்கில் புள்ளியாக வைத்துக்கொண்டே போனேன். அவ்வளவு அழகான புள்ளி வரிசையை நான் போட்டதே இல்லை.

டென்னிஸ் பாலிலிருந்து லெதர் பாலுக்கு மாறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அது அறுபது கிராமுக்கும் குறைவு, இது 156-லிருந்து 163 கிராம். நடுவில் தையல் வேறு. பிடிக்கிற விரலும் புதிது, விடுகிற மணிக்கட்டும் புதிது. கேட்ச்சில் உள்ளங்கை சிவக்கும். ஆனால் கடற்கரைப் பசங்களிடம் ஒரு ஆயுதம் தயாராக இருக்கிறது: யார்க்கர். டென்னிஸ் பாலில் லெங்க்த் போட்டால் பந்து தென்னந்தோப்புக்குள் போய்விடும், காலடியில் போட்டால்தான் பிழைக்கலாம். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனின் யார்க்கர் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? இந்த டென்னிஸ் பாலிலிருந்துதான். பிறகு சென்னை லீக்கில் நாலாவது டிவிஷன், அங்கிருந்து படிப்படியாக மேலே. 2020-ல் நெட் பவுலராக ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே டூரில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார்! வருண் சக்கரவர்த்தியும் அப்படித்தான். ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டுவிட்டு வந்து, வேகப்பந்து போட்டு முழங்காலில் அடிபட்டு, ஸ்பின்னுக்கு மாறி, 2017-18 சீசனில் நாலாவது டிவிஷனில் ஜூபிலி கிளப்புக்கு 31 விக்கெட். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூஸிலாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்தது அதே கைதான். நாலாவது டிவிஷனில் அந்த 31 விக்கெட்டையும் ஒரு ஸ்கோரர் மரத்தடியில் உட்கார்ந்து எழுதியிருப்பாரே! அந்த மனுஷன் யாரோ, அவர் மேல் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

வெண்புருஷம் பையனின் அந்த மேட்ச்சுக்கு வருகிறேன். ஏப்ரல் கடைசி, கடலை ஒட்டிய ஒரு கிரவுண்ட். கிழக்குப் பக்கம் சவுக்கு, அதற்கப்பால் அலைச் சத்தம். நாங்கள் முதலில் ஆடி நூற்றைம்பதைத் தாண்டவில்லை. எதிர் டீம் விக்கெட் இழப்பில்லாமல் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, காற்று அசையவில்லை. பையன் நாலு ஓவர் போட்டு அடி வாங்கி பவுண்டரிக்குப் போய்விட்டான். அங்கே நின்றவன் பந்தைப் பார்க்கவில்லை, சவுக்கு மர உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் ஒரு மணி வாக்கில் தானாகவே கேப்டனிடம் ஓடி வந்தான்.

"ணா, கொண்டல் ஏறுது. அந்த எண்டை எனக்குக் குடு ணா."

கேப்டன் ஒரு நிமிஷம் யோசித்தார். எங்களுக்கு ஒரு இலைகூட அசைந்ததாகத் தெரியவில்லை. பந்தைக் கொடுத்துவிட்டார். அந்த ஓவரின் இரண்டாவது பந்தில் என் ஸ்கோர் புக்கின் தாள் படபடவென்று புரண்டது. கடற்காற்று! நான் ஒரு கையால் தாளை அழுத்திக்கொண்டு மறுகையால் எழுத வேண்டியதாயிற்று. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே கிளம்பிய பந்து காற்றில் வளைந்து வலக்கை பேட்ஸ்மேனின் கட்டைவிரலை நோக்கி இறங்கியது. மட்டை இறங்குவதற்குள் நடு ஸ்டம்ப் சாய்ந்தது. அடுத்த ஓவரில் அதே மாதிரி இன்னொன்று. அப்புறம் எல்.பி.டபிள்யூ. எதிர் டீம் ஸ்கோரர் பேனாவை வைத்துவிட்டு, "யாருங்க இந்தப் பையன்?" என்றார். எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. எந்தக் கோச்சிங் சென்டரில் இதைச் சொல்லிக் கொடுப்பார்கள்? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அப்பாவோடு படகில் உட்கார்ந்து காற்றைப் படித்த கண் அது. மேட்ச்சை ஜெயித்துவிட்டுத் திரும்பும் வழியில், திருக்கழுக்குன்றம் ரோட்டோரம் நுங்கு விற்கிற அம்மாவின் கூடையைப் பசங்க மொத்தமாகக் காலி செய்தார்கள்.

பெண்கள் டீமைப் பற்றி இப்போதுதான் எழுத ஆரம்பிக்கிறோம். போன வருஷம் வரைக்கும் அக்கா தங்கை இரண்டு பேர் மட்டும் பசங்க நெட்ஸில் ஓரமாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். 2025 நவம்பர் 2 ராத்திரி, நவி மும்பையில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையைத் தூக்கினார்களே, அதற்கு அடுத்த ஞாயிறு நெட்ஸுக்கு ஒரு கூட்டமே வந்து நின்றது, அப்பா அம்மாக்களோடு! 2013 உலகக் கோப்பையில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராகச் சதம் அடித்து, உலகக் கோப்பையில் சதம் போட்ட முதல் இந்தியப் பெண் ஆனவர் நம் சென்னையின் திருஷ் காமினி என்று சொன்னேன். 2025-ல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடிய கமலினியும் தமிழ்நாடுதான் என்றதும் கண்கள் விரிந்தன. எங்கள் பெண்கள் டீம் ஆடிய முதல் மேட்ச் ஒரு காலேஜ் டீமோடு. தோற்றார்கள், நன்றாகவே தோற்றார்கள். ஆனால் அந்தத் தங்கை பாயின்ட்டிலிருந்து ஓடி வந்து, குனிந்து பந்தை எடுத்து, நிமிராமலேயே எறிந்து ஒரு ஸ்டம்பை அடித்து ரன் அவுட் செய்தாளே! எதிர் டீமின் கோச்சே கை தட்டினார். மொத்த கிளப்பிலும் இந்த சீசனின் சிறந்த ஃபீல்டிங் அதுதான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், முதல் டீம் கோபித்துக்கொண்டாலும் சரி.

முதல் டீம் அரையிறுதியில் தோற்றது. நன்றாக ஆடினார்கள், இன்னும் நன்றாக ஆடியவர்களிடம் தோற்றார்கள். கேப்டன் மறைமலைநகர் தொழிற்பேட்டையில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, பஸ்ஸில் அரைத் தூக்கம் போட்டு, நேராக டாஸுக்கு வருகிறவர். அந்த அரையிறுதியில் கத்திரி வெயிலில் முப்பது ஓவருக்கு மேல் நின்று அவர் எடுத்த எழுபத்து சொச்சத்தை நான் மறக்க மாட்டேன். ஆனால் என்னை அதைவிட உருக்கியது அன்றைய காலை. முதல் டீமுக்கு மேட் விரிக்க வந்தது யார் தெரியுமா? மூன்றாவது டீம்! வக்கீல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஆஃப் ஸ்பின்னர் சார் வழக்கம்போல வெறுங்காலோடு பாய் மேல் நடந்து பார்த்துவிட்டு, முதல் டீம் ஸ்பின்னர் காதில் ஏதோ சொன்னார். எட்டாம் வகுப்புக் கீப்பர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். புதுப்பந்து எடுத்தவன் வெண்புருஷம் பையன், இரண்டாவது டீமிலிருந்து அந்த வாரம்தான் ஏற்றம். பெண்கள் டீம் பவுண்டரி ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு டாட் பாலுக்கும் கத்தியது. எல்லா டீமும் ஒரே கிரவுண்டில். அந்த மேட்ச்சை நாங்கள் தோற்றோம் என்பது எனக்கு இன்னமும் சரியாக மனசில் ஏறவில்லை.

கிளப் ரூமில் பழைய ஸ்கோர் புக்குகள் ஒரு தகர பீரோவில் இருக்கின்றன. ஓரமெல்லாம் பூச்சி அரித்தது, மழைக்கறை படிந்தது. சீசன் முடிந்த அன்று புரட்டிக்கொண்டிருந்தபோது இன்றைய முதல் டீம் கேப்டன் முதன்முதலாக ஆடிய பக்கம் அகப்பட்டது. மூன்றாவது டீம். பதினொன்றாவது ஆட்டக்காரர். ரன்: 0. பவுலிங் போடவில்லை. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அன்னிக்கு நான் ஒரு கேட்ச் புடிச்சேன் ணா" என்றார். தேடிப் பார்த்தோம். எதிர்ப்பக்கத்தில் இருந்தது, ஏழாவது விக்கெட், அவர் பெயர், தெளிவான கையெழுத்தில். எனக்கு முன்னால் இருந்த ஸ்கோரர் எழுதியது.

இப்போது சந்தோஷ சமாச்சாரத்துக்கு வருகிறேன். பதினாறு வயதுப் பசங்க கூட்டம் எக்கச்சக்கமாகிவிட்டது. கடற்கரையிலிருந்து இன்னும் ஏழெட்டுப் பேர் நெட்ஸுக்கு வருகிறார்கள். மூன்றாவது டீமில் இடம் போதவில்லை. அதனால் போன வாரம் கமிட்டி கூடி, வரும் பொங்கலுக்குப் பிறகு நாலாவது டீம் ஒன்று போடுவது என்று முடிவு செய்துவிட்டது! கேப்டன் யார் என்றும் முடிவாகிவிட்டது. ஆஃப் ஸ்பின்னர் சார். அவருக்குத் துணைக் கேப்டன் எங்கள் எட்டாம் வகுப்புக் கீப்பர், அதற்குள் ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருப்பான். புது ஸ்கோர் புக் வாங்கி அட்டை போட்டாகிவிட்டது. இன்னும் ஒரு மேட் வேண்டும், ரோலருக்குக் கைப்பிடி மாற்ற வேண்டும், பெண்கள் டீமுக்கு அளவான பேட் இரண்டு ஜோடி வேண்டும். தை மாசம் ஏதாவது ஒரு ஞாயிறு செங்கல்பட்டுப் பக்கம் வந்தால் ஆறரைக்கே கிரவுண்டுக்கு வந்துவிடுங்கள். பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுக்க எப்போதும் ஆள் தேவைப்படுகிறது.